படம் பாத்து மனசைப் புரிஞ்சுக்கப் பாக்குறீங்களா, இந்தத் தப்புகளை மட்டும் பண்ணாதீங்க

2005ல ஒரே வருஷத்துல மூணு படம் வந்துச்சு, சந்திரமுகி, அந்நியன், கஜினி. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு மனநோயைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் இந்த மூணு படத்துல இருந்து வந்ததுதான், நான் சைக்காலஜி படிக்கப் போனதுக்கும் ஒரு வகையில அதுங்கதான் காரணம், அதனால படங்களைக் குறை சொல்ல நான் வரல. மாசத்துக்கு ஒரு படம் போட்டுப் பசங்களோட உக்காந்து பேசுறோம், திரும்பத் திரும்ப அதே தப்புகள் வருது, அதைத்தான் எழுதுறேன்.

முதல்ல எங்க வீட்டுல நடந்ததைச் சொல்லிடுறேன். பெரியம்மா பையன், எனக்கு அண்ணன். பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது ஜன்னல் இடுக்குல எல்லாம் பேப்பரைச் சுருட்டித் திணிக்க ஆரம்பிச்சுச்சு, கேட்டா மாடி வீட்டுக்காரங்க தன்னைப் பத்திப் பேசுறாங்கன்னு சொல்லும், மாடில அப்ப யாருமே குடியில்ல. குளிக்கிறது நின்னுச்சு, சாப்பாட்டுத் தட்டைக் கைல வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருக்கும். ஆனா கத்தல, யாரையும் அடிக்கல, குரல் மாறல. "அந்நியன்ல வர்ற மாதிரி ஒண்ணும் ஆள் மாறலையே, வயசுக் கோளாறு, சரியாப் போயிரும்"னு சொல்லிச் சொல்லியே ஒன்றரை வருஷம் போச்சு. டாக்டர் கிட்டப் போனப்ப அவர் சொன்ன பேரு ஸ்கிசோஃப்ரினியா.

இதுதான் முதல் தப்பு, ரெண்டு வேற வேற விஷயத்தை ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறது. ஸ்கிசோஃப்ரினியாங்கிற பேரை 1908ல யூஜென் ப்ளாய்லர்னு ஸ்விட்சர்லாந்து டாக்டர் வெச்சாரு, கிரேக்கத்துல பிளவுபட்ட மனசுன்னு அர்த்தம், அவர் சொல்ல வந்தது யோசனையும் உணர்ச்சியும் செயலும் ஒண்ணோட ஒண்ணு சேராமப் பிரிஞ்சு போறதை, ஒரு உடம்புக்குள்ள ரெண்டு ஆள் இருக்கிறதை இல்ல. தமிழ்ல மனச்சிதைவுன்னு சொல்றோமே, அது எவ்வளவோ தெளிவான வார்த்தை. அந்நியன்ல சொல்றது மல்டிபிள் பர்சனாலிட்டி, அதாவது ஒரே ஆளுக்குள்ள பல ஆளுங்க இருக்கிற மாதிரி ஆகுறது, அது வேற நோய், அந்தப் பேரையே அமெரிக்க சைக்யாட்ரி சங்கம் 1994லயே டிஸ்ஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர்னு மாத்திட்டாங்க. அதுலயும் நிஜத்துல முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு குரல் மாறி ஆளைக் கொல்றதெல்லாம் நடக்கிறதில்ல, மாற்றம் பெரும்பாலும் கூட இருக்கிறவங்களுக்கே தெரியாத அளவு சின்னதா இருக்கும், அவங்களே அதை மறைக்கத்தான் பாப்பாங்க. படத்துல கெட்டவங்களைக் கொல்றான், நிஜத்துல இவங்க காயப்படுத்துறது பெரும்பாலும் தங்களைத்தான்.

அதே படத்துல இருந்து வர்ற இன்னொரு தப்பு, எல்லாத்துக்கும் ஒரு ஃபிளாஷ்பேக் தேடுறது. அம்பியோட தங்கச்சி மழைத்தண்ணில கரண்ட் பாஞ்சு சாகுது, அந்த ஒரு சீன்ல எல்லாத்துக்கும் காரணம் கிடைச்சிடுது. கதைக்கு அது தேவை, ஆனா மனச்சிதைவு அப்படி வர்றதில்ல, பரம்பரை, மூளை வளர்ச்சி, வாழ்ற சூழல்னு பலதும் சேர்ந்துதான் வருது. எங்க பெரியம்மா பல வருஷம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க, ஏழாவது படிக்கும்போது மார்க் குறைஞ்சதுக்கு ஸ்கேலால அடிச்சேனே, அதனாலதான் வந்துச்சான்னு. இல்லவே இல்ல பெரியம்மான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

கஜினிக்கு வருவோம். ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்ங்கிற வார்த்தையை ஊரு முழுக்கப் பரப்புனது அந்தப் படம்தான், ஆனா அந்தப் பேரே தப்பு. ஷார்ட் டேர்ம் மெமரின்னா இப்ப ஒருத்தர் சொன்ன போன் நம்பரை டயல் பண்ற வரைக்கும் மனசுல வெச்சிருக்கிறது, அது இந்த மாதிரி ஆளுங்களுக்கு நல்லாவே இருக்கும். புது விஷயத்தை நிரந்தர ஞாபகமா மாத்த முடியாததுதான் பிரச்சினை. ஹென்றி மொலைசன்னு அமெரிக்காவுல ஒருத்தர், 1953ல வலிப்புக்காக ஆபரேஷன் பண்ணப்ப மூளையோட ரெண்டு பக்கமும், புது ஞாபகத்தைப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் பகுதியைப் பெருமளவு எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் 2008ல சாகுற வரைக்கும் புதுசாப் பாக்குற ஆளை ஞாபகம் வெச்சுக்கவே முடியல. ப்ரெண்டா மில்னர்ங்கிற ஆராய்ச்சியாளர் அவர் கிட்ட ஒரு நட்சத்திரப் படத்தைக் குடுத்து, கையை நேராப் பாக்காம கண்ணாடில மட்டும் பாத்துக்கிட்டே அதைச் சுத்திக் கோடு போடச் சொன்னாங்க. முதல்ல கோணல்மாணலா வந்துச்சு, மூணாவது நாள் அழகாப் போட்டாரு, ஆனா இதுக்கு முன்னாடி இதைச் செஞ்சதா அவருக்கு ஞாபகமே இல்ல. கை கத்துக்கிச்சு, அவருக்குத் தெரியாது! எனக்கு இன்னைக்கும் இதைச் சொல்லும்போது உடம்பு சிலிர்க்கும். கஜினி பாக்குறவங்க இதையும் தெரிஞ்சுக்கிட்டா, 15 நிமிஷத்துல எல்லாமே அழிஞ்சு போற வெறும் பலகையா மூளையைப் பாக்க மாட்டாங்க.

சந்திரமுகியால வர்ற தப்பு ரெண்டு பக்கமும் வெட்டும். டாக்டரும் மந்திரவாதியும் சேர்ந்து ஒரே ராத்திரில கங்காவைச் சரி பண்ணிடுறாங்க, அதைப் பாத்துட்டு ஒரு பெரிய அதிர்ச்சி குடுத்தா தெளிஞ்சிடும்னு நம்புறவங்க இன்னும் இருக்காங்க, பூஜை, கயிறு, சங்கிலி வரைக்கும் போறாங்க. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடில ஒரு மனநல இல்லத்துல தீப்பிடிச்சப்ப 28 பேர் செத்தாங்க, சங்கிலில கட்டியிருந்ததால ஓட முடியல. அதை மறக்கவே கூடாது. இன்னொரு பக்கம், நாலு புத்தகம் படிச்ச பசங்க கோயில் கொடைல சாமியாடுற பாட்டியைப் பாத்து இது சந்திரமுகி கேஸ்னு சொல்லுதுங்க. அதுவும் தப்பு. ஊரே ஏத்துக்கிட்ட வழிபாட்டுல, அதுக்குன்னு இருக்கிற நேரத்துல சாமி வந்து இறங்கி, முடிஞ்சதும் விபூதி குடுத்துட்டு வீட்டுக்குப் போய்ச் சோறாக்குற பாட்டிக்கு எந்த நோயும் இல்ல, டாக்டர்களோட வகைப்பாட்டுப் புத்தகங்களே அதை நோயாக் கணக்குல எடுக்கக் கூடாதுன்னு தெளிவாச் சொல்லுது. விரும்பாம, அடக்க முடியாம, வாழ்க்கையே நின்னு போற அளவுக்கு வந்தாத்தான் கவனிக்கணும்.

ஷாக் ட்ரீட்மென்ட் சீன்களைப் பத்தி ஒரே வரி, இந்தியாவுல 2017 மனநலச் சட்டப்படி மயக்க மருந்தும் தசையைத் தளர்த்துற மருந்தும் குடுக்காம அதைச் செய்யவே கூடாது, படத்துல கட்டிலோட கட்டி வெச்சுத் துடிக்கத் துடிக்கக் குடுக்கிறதை நிஜம்னு நம்பாதீங்க.

அப்ப படத்தை வெச்சு எதைத்தான் கத்துக்கிறதுன்னு கேப்பீங்க. எனக்குத் தெரிஞ்சு பெரும்பாலானவங்க பண்ற தப்பு, நோய் வந்த கேரக்டரையே பாத்துக்கிட்டு இருக்கிறது, பக்கத்துல நிக்கிறவங்களை விட்டுடுறது. 1982ல வந்த மூன்றாம் பிறையை எடுத்துக்கோங்க. தலைல அடிபட்ட பொண்ணு குழந்தையா மாறி, அப்புறம் ஒரே நாள்ல பழையபடி ஆகி நடுவுல நடந்ததெல்லாம் மறந்து போறது மருத்துவப்படி நிக்காது. ஆனா கடைசில ஸ்டேஷன்ல, அவ்வளவு நாள் அவளைப் பாத்துக்கிட்ட சீனு குரங்கு மாதிரி ஆடிக் காட்டுறானே, ரயில்ல இருக்கிற அவளுக்கு அவன் யாருன்னே தெரியலையே, அதுக்கு சைக்காலஜில ஒரு பேரு இருக்கு. பாலின் பாஸ்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் சொன்னது, தெளிவில்லாத இழப்புன்னு சொல்லலாம். ஆள் கண்ணு முன்னாடி இருக்காங்க, ஆனா நமக்குத் தெரிஞ்ச அந்த ஆள் இல்ல, சாவு இல்லாததால துக்கம் விசாரிக்கவும் யாரும் வர மாட்டாங்க. மறதி நோய் வந்த அப்பாவைப் பாத்துக்கிறவங்களைக் கேளுங்க, இது புரியும். எங்க பெரியம்மா அந்த சீன் டிவில வந்தப்ப முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "தட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்ப இவனும் என்னை இப்படித்தான்டா பாத்தான்"னு சொன்னாங்க. நான் ரெண்டு வருஷம் எம்.எஸ்சி படிச்சுப் புரிஞ்சுக்கிட்டதை அவங்க ஒரு வரில சொல்லிட்டாங்க.

படம் பாத்துட்டு யாரையாவது நினைச்சு மனசு உறுத்துச்சுன்னா நீங்களே பேர் வைக்காதீங்க, 14416க்குப் போன் பண்ணுங்க, டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்ல பேசலாம்.

இன்னொரு தப்பு நானே பண்ணது. அண்ணன் மாத்திரை போட்டு நல்லாத் தேறி வந்த நேரம், மனச்சிதைவைப் பத்தின ஒரு படத்தை அதுக்கு உதவும்னு நினைச்சுப் போட்டுக் காட்டினேன், பாக்கலாமான்னு அதுகிட்ட நான் கேக்கவே இல்ல. இன்டர்வெல் வரைக்கும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்துட்டு எழுந்து போயிடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு, "படம் பாக்குற நேரமாவது எனக்கு அது ஞாபகம் வர வேண்டாம்டா"னு சொல்லுச்சு. இப்ப ஞாயித்துக்கிழமை நான் போனா ரெண்டு பேரும் வடிவேலு காமெடி பாக்குறோம், ரிமோட் அண்ணன் கைல.