எந்த கன்சோல் வாங்கலாம்? முதல்ல ஒரு நோட்டு எடுங்க

கன்சோல் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டை எடுத்து, போன ஆறு மாசத்துல நீங்க நிஜமா விளையாடின கேம்களை எழுதுங்க. ஆசைப்பட்டது வேண்டாம், விளையாடினது மட்டும். பக்கத்துலயே யாரோட விளையாடினீங்க, எந்த நேரத்துலன்னும் குறிச்சுக்கோங்க.

என் பட்டியல்ல பாதி கால்பந்தும் கிரிக்கெட்டும்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல, சித்தப்பா பசங்களோட. இந்த வகை பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ரெண்டுலயும் வருது. அப்படி ரெண்டு பக்கமும் இருக்கறதை அடிச்சிட்டு மிச்சத்தைப் பாருங்க. மரியோ, ஜெல்டா கேம் மிஞ்சினா நின்டெண்டோ ஸ்விட்ச்தான், வேற பேச்சே இல்லை. ஃபோர்ஸா ஹொரைசன் 5-ங்கற கார் ரேஸ் கேமுக்காக எக்ஸ்பாக்ஸ்னு நினைச்சவங்க கவனிங்க, 2025 ஏப்ரல்ல அது பிளேஸ்டேஷன் 5-க்கும் (பிஎஸ்5) வந்தாச்சு.

அடுத்தது டிஸ்க். இங்கதான் நான் கோட்டை விட்டேன். விலை குறைவுன்னு டிஸ்க் போட வழியே இல்லாத பெட்டியை மஞ்சக்குப்பம் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன். அன்னைக்குச் சாயங்காலம் மாமா பையன் பாண்டியிலிருந்து ஆறு டிஸ்க்கோட பஸ் ஏறி வந்தான். பெட்டியோட முன்பக்கத்தை விரலால தடவித் தடவித் தேடினான். அப்புறம் ஒண்ணும் பேசாம, ஒவ்வொண்ணா மஞ்சப்பையில திரும்ப அடுக்கினான். அந்த முகம் இன்னும் கண்ணுல நிக்குது.

அதனால கணக்குப் போடுங்க. 100 ஜிபி கேம், 50 எம்பிபிஎஸ் நெட்ல முழு வேகம் கிடைச்சாலும் இறங்க நாலரை மணி நேரம் ஆகும். முடிச்ச டிஸ்க்கை விக்கலாம், மாத்திக்கலாம். இறக்கின கேமை விக்க முடியாது. உங்க கூட்டத்துல நாலு பேர் டிஸ்க் மாத்திக்கறாங்கன்னா, டிஸ்க் போடற டிரைவ் உள்ளதையே வாங்குங்க. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ல டிரைவ் கிடையாது. சீரிஸ் எக்ஸ் வாங்கினாலும் டிரைவ் இருக்கற மாடலான்னு கேட்டுக்கோங்க. டிஸ்க் போட்டாலும் கேம் உள்ளே ஏறத்தான் செய்யும், இடம் மிச்சமாகாது. 512 ஜிபி சீரிஸ் எஸ்-ல கேமுக்குக் கிடைக்கறது சுமார் 364 ஜிபிதான்.

என் கருத்து: ஒரு கதையை ஆற அமர முடிக்கறவங்களுக்கு பிஎஸ்5. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்க்கறவங்களுக்கு எக்ஸ்பாக்ஸும், கட்டணம் கட்டி நிறைய கேம் ஆடற கேம் பாஸ் சந்தாவும். சின்னப் பசங்க உள்ள வீட்டுக்கு ஸ்விட்ச். 2024 நவம்பர்ல ஃபெஞ்சல் புயல் அன்னைக்குக் கரண்ட் போனதும் டிவியோட என் கன்சோலும் படுத்துடுச்சு. அக்கா பொண்ணு மட்டும் சார்ஜ் தீர்ற வரைக்கும் பாய்ல உட்கார்ந்து ஸ்விட்ச் ஆடினா.

பின்சேர்க்கை: "டிஜிட்டல் (டிரைவ் இல்லாத) பிஎஸ்5 வாங்கிட்டேன், இனி டிஸ்க் போட வழி உண்டா?"ன்னு நிறைய பேர் கேட்டீங்க. 2023-ல வந்த ஸ்லிம் மாடலா இருந்தா உண்டு. டிரைவைத் தனியா வாங்கி மாட்டலாம். 2020 மாடலுக்கு அது சேராது. மாட்டினதும் முதல் தடவை நெட்ல இணைச்சாதான் டிரைவ் வேலை செய்யும். வீட்டு நெட் இல்லைன்னா போன் ஹாட்ஸ்பாட் போதும்.