பழைய புல்வெட்டும் டிராக்டரைச் சரிசெய்து பராமரிப்பது எப்படி?

பெங்களூரில் சர்ஜாப்பூர் சாலையைத் தாண்டி ஆனேக்கல் வரை பரவியிருக்கும் தோட்ட மனைகளிலும் பெரிய குடியிருப்பு வளாகங்களிலும், அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் டிராக்டரை இப்போது அவ்வப்போது காண முடிகிறது. நம் கைக்கு வருபவை பெரும்பாலும் ரிசார்ட்டோ வளாகமோ சில ஆண்டுகள் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற வண்டிகள்தான். அவற்றோடு கையேடு வருவதில்லை, சர்வீஸ் செய்த விவரம் வருவதில்லை, சில வண்டிகளுக்கு அசல் சாவிகூட வருவதில்லை. ஆனேக்கல் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலத்தில் அப்படி வாங்கிய வண்டி ஒன்றை நான்கு ஆண்டுகளாக ஓட்டி, அதில் வீணாக்கிய பணத்தின் வழியாகக் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

வாங்கியவுடன் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினின் மேலுள்ள எண். டிராக்டரின் பெயர்ப் பலகை எதுவாக இருந்தாலும் எஞ்சின் வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கலாம். உதிரி பாகமும் கையேடும் எஞ்சின் எண்ணைக் கொண்டுதான் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்களில் மாடல், டைப், கோடு (code) என மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். கோடு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் தயாரான ஆண்டையும் அடுத்த இரண்டு மாதத்தையும் குறிப்பதால், “மூணு வருஷ வண்டிதான் சார்” என்று விற்பவர் சொல்வதை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே எஞ்சின் ஆயிலை மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கு முன் ஆயில் மட்டம் பார்க்கும் அளவுகோலை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியை மூடும் மிதவை ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்டினால் பேரிங்குகள் கெடும். பெட்ரோல் குழாயில் மூடும் வால்வு இல்லாவிட்டால் ஒன்றைப் பொருத்தி, நிறுத்தும்போதெல்லாம் அதை மூடும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது நல்லது. பிப்ரவரி முதல் மழை தொடங்கும் வரை செம்மண் தூசி மிகுதி என்பதால், ஏர் ஃபில்டரை இங்கே கையேடு சொல்லும் காலத்துக்கு முன்பே பார்க்க வேண்டியிருக்கும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது.

இனி, வண்டி ஸ்டார்ட் ஆகாத பிரச்சினைக்கு வருவோம். சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் இல்லையென்றால், பேட்டரியைவிடப் பாதுகாப்பு சுவிட்சுகளை முதலில் சந்தேகிக்க வேண்டும். பிரேக்கை முழுவதும் மிதித்து, பிளேடு லீவரை அணைத்து, இருக்கையில் நன்றாக அமர்ந்து மீண்டும் முயலுங்கள். பழைய வண்டிகளில் இருக்கை சுவிட்சை ஒயர் போட்டு இணைத்து வைத்திருப்பார்கள். பிளேடு சுழலும்போது ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அந்தச் சுவிட்சுதான் என்பதால், அந்த ஒயரை நீக்கிப் புதிய சுவிட்சைப் பொருத்திய பிறகே ஓட்ட வேண்டும்.

‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்து மோட்டார் சுற்றவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுவதும் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். சாவியைத் திருப்பும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஆகிறது. பேட்டரி சரியாக இருந்தால் அடுத்ததாக எர்த் ஒயரின் மறுமுனையைக் கழற்றி, அது பொருந்தும் இடத்தில் உள்ள துருவையும் பெயின்ட்டையும் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்துங்கள். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் பலர் சொலினாய்டை (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சை) மாற்றுகிறார்கள்.

என்னை அதிகம் அலைய விட்டது வேறொரு கோளாறு. சாவியைத் திருப்பினால் எஞ்சின் அரைச் சுற்று சுற்றும், முட்டிக்கொண்டு நிற்கும், பிறகு மூச்சுப் பிடித்தது போல் இன்னொரு அரைச் சுற்று. பார்த்தவர் எல்லோரும் பேட்டரி என்றார்கள், புதியதை வாங்கினேன். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டார் என்றார்கள்; அதையும் மாற்றினேன். கோளாறு அப்படியே இருந்தது. காரணம் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடப்படும் மிகச் சிறிய இடைவெளி.

ஒற்றை சிலிண்டர் கொண்ட இத்தகைய எஞ்சின்களில், ஸ்டார்ட் செய்யும் வேகத்தில் மட்டும் ஒரு வால்வை மிகச் சிறிதளவு தூக்கி அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியேற்றும் அமைப்பு, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டிலேயே உண்டு. அப்போதுதான் சிறிய மோட்டாரால் எஞ்சினைச் சுற்ற முடியும். தேய்மானத்தால் வால்வு இடைவெளி கூடும்போது, அந்தச் சிறிய தூக்கல் இடைவெளியிலேயே கரைந்துவிடுகிறது. வால்வு திறப்பதில்லை, முழு அழுத்தமும் மோட்டாரை எதிர்த்து நிற்கிறது, நாம் பேட்டரியைத் திட்டுகிறோம்.

இதைச் சரிசெய்ய எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துவாரத்தை விரலால் அடைத்தபடி ஃபிளைவீலை (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரத்தை) கையால் மெதுவாகச் சுற்றினால், ஒரு கட்டத்தில் காற்று விரலைத் தள்ளும். அதுவே அழுத்தச் சுற்று. விரலை எடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலைத் துவாரத்தில் விட்டுத் தொடர்ந்து சுற்றினால், பிஸ்டனோடு அது மேலே ஏறி, நின்று, இறங்கத் தொடங்கும். உச்சியைத் தாண்டி ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இறங்கிய இடத்தில் நிறுத்துங்கள். உச்சியிலேயே நிறுத்தி அளந்தால், அழுத்தத்தை வெளியேற்றும் அந்த அமைப்பு வால்வைத் தாங்கிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால் அளவு பொய்யாகும். பிறகு வால்வு மூடியைக் கழற்றி ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் தொகுப்பால்) அளக்க வேண்டும். என் எஞ்சினுக்கு இன்டேக் 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர், உங்கள் எஞ்சினுக்கு உரியதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அளந்தபோது 0.30 தகடு தாராளமாக நுழைந்தது. தகடு லேசான பிடிப்போடு நகரும் அளவுக்குத் திருகைச் சரிசெய்து, பூட்டு நட்டை இறுக்கி, எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி அளந்த பிறகே மூடியைப் போட வேண்டும், ஏனெனில் நட்டை இறுக்கும்போது அளவு மாறுவதுண்டு. அன்று மாலை, நான் தூக்கிப் போட நினைத்த பழைய பேட்டரியிலேயே வண்டி முதல் திருப்பலில் ஸ்டார்ட் ஆனது.

ஸ்டார்ட் ஆகி, ஓடும்போது எஞ்சின் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் செல்லும் நுண்துளையான சிறிய ஜெட் அடைத்திருக்கிறது. பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிகளில் இந்தத் தொல்லை கூடியிருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது பெங்களூரில் நடந்த இந்தியா எனர்ஜி வீக் நிகழ்ச்சியில்தான். ஆனால் இச்சிறு எஞ்சின்களின் கையேடுகள் பெரும்பாலும் 10 சதவீதம் வரையே அனுமதிக்கின்றன. ஆகவே டேங்கை நிரப்பி வைக்காமல், இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். பழைய ரப்பர் குழாய்களை ஒருமுறை மாற்றிவிடுங்கள். இந்த ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜெட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். கையேடுகள் பொதுவாக 1,500 மீட்டருக்கு மேல்தான் அதைக் கேட்கின்றன. அரை மணி நேரம் நன்றாக ஓடி நின்றுவிட்டால், டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள்: ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, செலவு ஒன்றுமில்லை.

பிளேடுகளை மூடியிருக்கும் டெக்கின் அடியில் கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிட வேண்டும்; இதில் விதிவிலக்கு இல்லை. பிளேடைத் தீட்டிய பின் அதன் நடுத்துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டினால் எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். சமநிலை இல்லாத பிளேடு அதைத் தாங்கிச் சுழலும் ஸ்பிண்டிலின் பேரிங்கை விரைவில் தின்றுவிடும். பேரிங் போய்விட்டால் டிராக்டர் மாடலைச் சொல்லி அலைய வேண்டாம். பழைய பேரிங்கின் ஓரத்தில் பொறித்துள்ள எண்ணைப் படித்து, பெங்களூரின் எஸ்.ஜே.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் “சிக்ஸ் டூ ஜீரோ த்ரீ, ரெண்டு பக்கமும் ரப்பர் சீல்” என்பது போலக் கேட்டாலே போதும். பெல்ட்டில் மட்டும் இந்தச் சிக்கனம் பலிக்காது. அதே நீளமுள்ள சாதாரண வி-பெல்ட் பொருந்தும், ஆனால் பிளேடைப் போட்டு அணைக்கும் ஒவ்வொரு முறையும் வழுக்கிச் சூடாவதைத் தாங்கும் அராமிட் எனும் வெப்பம் தாங்கும் வலுவான செயற்கை நூல் அதில் இருக்காது. நான் போட்டது ஒரு மழைக்காலம்கூட நிற்கவில்லை.

புல் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் மொட்டையாகவும் வெட்டுப்பட்டால், டெக்கைத் திருகுவதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள். இந்த டயர்களுக்கு 10 முதல் 14 பி.எஸ்.ஐ. அளவே போதும்; பஞ்சர் கடையில் பைக்குக்கு அடிப்பது போல் 30 அடித்துவிடுவார்கள். காற்று சரியான பிறகு, சமதரையில் பிளேடு முனையின் உயரத்தை இரு பக்கமும் அளந்து சமமாக்கி, முன்முனை பின்முனையைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்குமாறு வையுங்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் புல் முழங்காலளவு வளர்ந்துவிட்டால் ஒரே தடவையில் வெட்டாமல், டெக்கை உயர்த்தி ஒருமுறையும் இரண்டு நாள் கழித்துத் தாழ்த்தி மறுமுறையும் ஓட்டுங்கள். சரிவில் மேலும் கீழுமாக மட்டுமே ஓட்ட வேண்டும். 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் இந்த வண்டியை இறக்கவே கூடாது.

ஜனவரியில் புல் வளர்ச்சி நின்றதும் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட விட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தில் எஞ்சியதை அடித்திருகு வழியாக வடித்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். மீண்டும் ஓட்டத் தொடங்கும் முன் ஃபிளைவீலின் மேலுள்ள உறையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எலிகள் குளிரூட்டும் தகடுகளின் மேல் காய்ந்த புல்லால் கூடு கட்டும். போன ஆண்டு என் வண்டியில் அந்தக் கூட்டுக்கு மெத்தையாக இக்னிஷன் ஒயரின் உறையையும் உரித்துப் போட்டிருந்தன.