பேரேடும் தரவுத்தளமும்: தகவல் முறைமை படிக்கும் வணிகவியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.காம். தகவல் முறைமை மேலாண்மை, பி.காம். கணினிப் பயன்பாடு, பி.பி.ஏ. கணினிப் பயன்பாடு என்று நம் கல்லூரிகளில் பல பெயர்களில் நடக்கும் படிப்புக்கு அடிப்படை ஒன்றுதான். ஒரு வணிகத்தில் நடப்பது எப்படிப் பதிவாகிறது, அந்தப் பதிவை நம்பி எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைத்தான் மூன்று ஆண்டுகளும் படிக்கிறோம். ஆனால் கால அட்டவணையைப் பார்த்தால் அது தெரியாது. காலையில் நிறுமக் கணக்கியல், மதியம் தரவுத்தளம். முதல் வகுப்பை வணிகவியல் துறை ஆசிரியர் எடுக்கிறார். அடுத்ததை எடுக்கக் கணினித் துறையிலிருந்து ஒருவர் வருகிறார். ஒருவர் பாடத்தை மற்றவர் தொடுவதில்லை. மாணவர்களும் இரண்டு நோட்டு, இரண்டு மனநிலை என்று பழகிவிடுகிறார்கள். கணக்கு வருகிறவர்கள் கணினித் தாள்களில் தேர்ச்சி பெற்றால் போதும் என்கிறார்கள். நிரல் எழுத வருகிறவர்கள் கணக்கியலை ஒரு தடையாகப் பார்க்கிறார்கள்.

இறுதி செமஸ்டரில் இருக்கும் எனக்கு, இந்தப் படிப்பில் நடக்கும் தவறுகளில் பெரியது இப்படிப் பிரித்துப் படிப்பதுதான் என்று உறுதியாகத் தோன்றுகிறது. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாடநூலுக்கு வெளியே போய்ப் பஞ்சாப் நேஷனல் வங்கியைப் பார்க்கலாம். 2018 பிப்ரவரியில் அந்த வங்கி ஒரு மோசடியை அறிவித்தது. மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து வைர வியாபார நிறுவனங்களுக்காகப் பொறுப்புறுதிக் கடிதங்கள் (வாடிக்கையாளர் கடனைக் கட்டாவிட்டால் தான் கட்டுவதாக வங்கி தரும் உறுதி), வெளிநாட்டில் இருந்த பிற வங்கிக் கிளைகளுக்கு, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வழியாகப் போயிருந்தன. அந்தக் கடிதங்கள் எதுவும் வங்கியின் மையக் கணக்கு மென்பொருளில் ஏறவில்லை. ஸ்விஃப்டும் மைய மென்பொருளும் அப்போது இணைக்கப்படாமல் இருந்ததால், ஒன்றில் செய்தி அனுப்புவதும் மற்றொன்றில் பதிவு செய்வதும் தனித்தனி வேலைகளாக இருந்தன. இரண்டாவது வேலையைச் செய்யாமல் விட்டால் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. முதலில் அறிவித்த தொகையே ஏறத்தாழ 11,400 கோடி ரூபாய். அதன் பிறகு ஸ்விஃப்டை மைய மென்பொருளோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் கெடு வைத்தது.

கணக்கியல் மட்டும் படித்தவர் இதைக் கேட்டால், வங்கி ஏற்ற பொறுப்பு ஏட்டில் ஏறவில்லை என்பார். கணினி மட்டும் படித்தவர், இரண்டு முறைமைகளுக்கு இடையே இணைப்பு இல்லை என்பார். இருவரும் பார்ப்பது ஒரே ஓட்டையைத்தான். அது ஒரே ஓட்டை என்று சொல்லத் தெரிந்த ஆளை உருவாக்கவே நம் படிப்பு இருக்கிறது. அதனால்தான், இதைக் ‘கம்ப்யூட்டர் தெரிந்த பி.காம்.’ என்று சுருக்கிப் பேசுவதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அழிக்கும் கட்டளை

தரவுத்தள ஆய்வகத்தில் முதலில் கற்பது இன்சர்ட் (சேர்), செலக்ட் (எடு), அப்டேட் (மாற்று), டெலீட் (அழி) என்ற நான்கு கட்டளைகளை. நான்கும் ஓடினால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து கிடைத்துவிடும். பிறகு மாணவர்கள் ஒரு பில் போடும் மென்பொருளைச் செய்கிறார்கள். தவறாகப் போட்ட பில்லை நீக்க அதில் ஒரு பொத்தான் வைக்கிறார்கள். தொண்ணூறு சதவீத மதிப்பெண்ணோடு தேறுகிறவர்களும் இதைச் செய்கிறார்கள்.

இதே மாணவர்கள் பதினோராம் வகுப்பிலேயே பிழைத்திருத்தம் படித்தவர்கள். தவறான பதிவை அழிக்கக் கூடாது, அதை நேர்செய்யும் இன்னொரு பதிவைத் தேதியோடும் விளக்கத்தோடும் எழுத வேண்டும் என்பது அந்தப் பாடத்தின் சாரம். லூக்கா பாசியோலி 1494இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். இன்றும் அந்த முறையில்தான் கணக்கு எழுதுகிறோம். ஏட்டில் அழித்தல் ஒரு குற்ற அடையாளம் என்ற உணர்வும் கணக்கர்களிடம் வெகு காலமாக இருக்கிறது. ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் அந்த உணர்வு ஏன் நம்மை விட்டுப் போக வேண்டும்?

சட்டமும் இந்த இடத்துக்கு வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், இந்தியாவில் நிறுமங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தையும் அது நடந்த தேதியோடு காட்டும் தணிக்கைத் தடம் இருக்க வேண்டும். அதை யாரும் நிறுத்தி வைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். அப்படியானால் தரவுத்தள அட்டவணையை வடிவமைக்கும்போதே பில்லின் நிலையைக் குறிக்க ஒரு பத்தியும் (நெடுவரிசையும்), எந்தப் பதிவு இதை ரத்து செய்கிறது என்று சுட்ட ஒரு பத்தியும், யார், எப்போது என்ற இரண்டு பத்திகளும் வேண்டும். அந்த டெலீட் பொத்தானே தேவையில்லை. வைவாவுக்கு வரும் வெளித் தேர்வாளர் வணிகவியல்காரராக இருந்தால் அவர் இதைத்தான் முதலில் கேட்பார். அப்போது தடுமாறாமல் பதில் சொல்ல, பதினோராம் வகுப்புப் புத்தகத்தை மறக்காமல் இருந்தாலே போதும்.

பொருத்திப் பார்க்கும்போது நேரும் பிழை

எக்செல் எல்லோருக்கும் தெரியும் என்ற நம்பிக்கையில் அதைக் கவனமாகக் கற்காமல் விடுவது அடுத்த தவறு. கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2010இல் அரசுக் கடன் பற்றி எழுதிய கட்டுரையை உலகெங்கும் அரசியல்வாதிகள் மேற்கோள் காட்டினார்கள். 2013இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். அவர்களின் எக்செல் கோப்பில் சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன. அதோடு வேறு குறைகளையும் சேர்த்துச் சரிசெய்தபோது, கடன் மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதத்திலிருந்து 2.2 சதவீதமாக மாறியது. ஒரு மாணவர், பேராசிரியர்களின் கோப்பைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த மாணவர் கதை இது.

நம் ஊரில் இதற்கு நிகரான வேலை, ஆடிட்டர் அலுவலகங்களில் மாதந்தோறும் நடக்கும் ஜி.எஸ்.டி. ஒப்பீடு. விற்றவர்கள் தாக்கல் செய்தவற்றிலிருந்து உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர். 2பி பட்டியலையும் கடையின் கொள்முதல் ஏட்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) எண்ணை மட்டும் வைத்து, ஒரு பட்டியலில் தேடி எடுக்கும் எக்செல் சூத்திரமான விலுக்கப்பை (VLOOKUP) போடுகிறார்கள். 101 என்ற எண்ணில் மூன்று வியாபாரிகள் பில் போட்டிருந்தால், பட்டியலில் முதலில் இருக்கும் பில்லின் தொகைதான் மூன்று இடத்திலும் வந்து நிற்கும். சூத்திரத்தின் நான்காவது பகுதியை எழுதாமல் விட்டால் நிலைமை இன்னும் மோசம். எக்செல் அதைத் தோராயப் பொருத்தமாக எடுத்துக்கொண்டு, இல்லாத எண்ணுக்கும் ஏதாவது ஒரு தொகையைக் கொடுத்துவிடும். பெரும்பாலும் பிழை என்ற அறிவிப்பும் வராது.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசித்தால் தரவுத்தளப் பாடம் கண்முன் வந்துவிடும். ஜி.எஸ்.டி. விதிப்படி விலைப்பட்டியல் எண் ஒரு வியாபாரிக்கு, ஒரு நிதியாண்டுக்குள் மட்டுமே தனித்துவமானது. ஆகவே வியாபாரியின் 15 எழுத்துப் பதிவெண், நிதியாண்டு, விலைப்பட்டியல் எண் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பில்லை அடையாளம் காட்ட முடியும். வகுப்பில் ‘கூட்டுத் திறவுகோல்’ என்று வரையறை எழுதி மதிப்பெண் வாங்கினோமே, அது இதுதான். வரையறையை எழுதத் தெரிந்தும், அலுவலகத்தில் ஒற்றைப் பத்தியை வைத்துப் பொருத்துகிறவர்களைப் பார்க்கும்போது, பாடம் அவர்களிடம் பாதி வழியில் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

வரையறை மனப்பாடம் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வருகிறவர்கள்தாம் இதில் அதிகம் சிக்குகிறார்கள். மேலாண்மைத் தகவல் முறைமைக்கும் முடிவெடுக்க உதவும் முறைமைக்கும் உள்ள ஐந்து வேறுபாடுகளை ஆங்கிலத்தில் அப்படியே உருப்போட்டுவிட்டு, தமிழில் கேட்டால் ஒன்றையும் விளக்க முடியாமல் நிற்கிறார்கள். அவர்கள் பேரேடு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் தமிழில் ஐயமின்றிப் படித்து வந்தவர்கள். அந்தப் பலத்தைக் கல்லூரி வாசலிலேயே இறக்கி வைத்துவிடுகிறார்கள். முதலில் தமிழில் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குங்கள். அது முடிந்தால் தேர்வுக்கான ஆங்கிலத்தை ஒரு வாரத்தில் தேற்றிக்கொள்ளலாம். ஆசிரியர்களும் இதற்கு வகுப்பில் இடம் கொடுக்க வேண்டும்.

கண்ணால் பார்க்காத தொழிலுக்கு மென்பொருள்

இறுதியாண்டு பிராஜெக்டில் நடக்கும் தவறுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. பிராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்து வாங்குவது ஒன்று. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, அது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. மற்றொன்று நேர்மையாக உழைக்கிறவர்களிடமே இருக்கிறது: நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை என்று ஏதோ ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு ஒரு முறைகூடப் போகாமல், கணினி முன் உட்கார்ந்தபடி அட்டவணைகளை வரைவது.

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். ஏற்றுமதியாளர் வாங்கிய நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணியாகி, வேறோர் இடத்தில் இருக்கும் சாயப் பட்டறைக்குப் போகிறது. திரும்பி வந்து கட்டிங், பிறகு தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பல கட்டங்களை வெளியார் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து கொடுக்கிறார்கள். சரக்கு டெலிவரி சலானோடு போய்வருகிறது. வகுப்பறையில் இருந்தபடி சரக்கு இருப்புக்கு ஓர் அட்டவணை வரைந்தால் பொருள், அளவு, விலை என்று மூன்று பத்தி போட்டு முடித்துவிடுவோம். பட்டறையில் ஒரு நாள் நின்றால் அந்த அட்டவணை உடைந்து போகும். சாயத்துக்குக் கிலோவில் போன துணி அதே எடையில் திரும்புவதில்லை. சேதாரம் எவ்வளவு என்பதில்தான் இரு தரப்புக்கும் பேச்சே நடக்கும். ஆகவே அனுப்பிய எடை, வந்த எடை இரண்டும் வேண்டும். கட்டிங்கில் கிலோ பீஸாக மாறிவிடுகிறது. அளவின் அலகே மாறும் அந்த இடத்தை அட்டவணை தாங்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது உரிமை பற்றிய கேள்வி. சாயப் பட்டறையில் கிடக்கும் துணி யாருடைய இருப்புநிலைக் குறிப்பில் வரும்? அனுப்பியவருடையதில்தான். இடம் பட்டறையில், உரிமை ஏற்றுமதியாளரிடம். எனவே ‘எங்கே இருக்கிறது’, ‘யாருடையது’ என்று இரண்டு தனிப் பத்திகள் தேவை. ஜாப் ஒர்க்குக்குப் போன உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே அது விற்றதாகக் கருதப்பட்டு வரி வரும் என்பதால், சலான் தேதியையும் விட முடியாது. கணக்கியல், வரிச் சட்டம், தரவுத்தளம் மூன்றும் ஒரே அட்டவணையில் வந்து உட்காருகின்றன. இப்படி ஒரே ஒரு கட்டத்தை மட்டும் சரியாகச் செய்த பிராஜெக்ட், முப்பது திரைகள் கொண்ட மருத்துவமனை மென்பொருளைவிட எவ்வளவோ மேல்.

பெரிய நிறுவனங்களும் இங்கே சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999 ஜூலையில், எல்லாத் துறைகளின் பதிவையும் ஒன்றாக இணைக்கும் புதிய ஈ.ஆர்.பி. முறைமைக்கு மாறியது. மிட்டாய் அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் வரத் தொடங்கும் சமயம் அது. கிடங்கில் மிட்டாய் இருந்தும், 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை நேரத்துக்கு அனுப்ப முடியாமல் போனது. நெரிசல் காலத்தில் ஊழியர்கள் வழக்கமான கிடங்குகளுக்கு வெளியே, கிடைத்த இடங்களில் எல்லாம் சரக்கை வைப்பது அங்கே பழக்கம்; அந்த இடங்கள் முறைமைக்குத் தெரியாமல் போனது காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ஈ.ஆர்.பி. பாடத்தில் இதைப் ‘பயனர் பயிற்சி இன்மை’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்கிறோம். தரையில் சரக்கு எங்கே கிடக்கிறது என்று யாராவது நடந்து பார்த்தார்களா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

குழு பிராஜெக்டில் வேலையைப் பிரிக்கும் விதமும் பழைய பிளவையே வளர்க்கிறது. நிரல் தெரிந்தவர் நிரல் எழுத, மற்றவர்கள் அறிக்கை தட்டச்சு செய்து பைண்டிங் போடுகிறார்கள். மாற்றிச் செய்து பாருங்கள்: கணக்கு தெரிந்தவர் அட்டவணைகளை வரையட்டும், நிரல் எழுதுகிறவர் கடைக்காரரிடம் போய்க் கேள்வி கேட்கட்டும். முதல் வாரம் மெதுவாகத்தான் நகரும். பரவாயில்லை.

சான்றிதழ் சேர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கணக்கு மென்பொருளான டேலி கற்பது நல்லது, தரவைப் படமாக்கும் பவர் பி.ஐ., நிரல் மொழியான பைத்தான் கற்பதும் நல்லது. ஆனால் டேலியில் ஒரு ரசீது போட்டதும் எந்தெந்தப் பேரேடுகள் நகர்கின்றன என்று காகிதத்தில் எழுதிக் காட்ட முடியாதவருக்கு அந்தச் சான்றிதழால் பயன் குறைவு.

பயிற்சிக்குப் போகும் நாட்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். விடுமுறை கிடைத்த ஏதோ ஒரு வாரத்தில் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனால், பழைய கோப்புகளை அடுக்கும் வேலைதான் கிடைக்கும். மாதந்தோறும் தாக்கல் செய்கிறவர்களுக்கு விற்பனை விவரத் தாக்கலான ஜி.எஸ்.டி.ஆர். 1இன் கெடு 11ஆம் தேதி, 2பி பட்டியல் வருவது 14ஆம் தேதி, வரி கட்டும் சுருக்கத் தாக்கலான 3பியின் கெடு 20ஆம் தேதி. பத்தாம் தேதி சேர்ந்து இருபதாம் தேதி வரை இருக்க அனுமதி கேளுங்கள். ஒப்பீடு செய்கிறவரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொருந்தாத பில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏன் பொருந்தவில்லை என்று தெரிகிறவரை கொள்முதல் ஏடு, சலான், விற்றவரின் தாக்கல் என்று அதன் பின்னாலேயே போங்கள். தெரிந்ததை ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வையுங்கள். பிராஜெக்டுக்கான தலைப்பு பெரும்பாலும் அங்கிருந்தே கிடைத்துவிடும்.