எச்.ஐ.வி. இருக்கிற ஆக்கள் ஈரலையும் பாக்க வேணும்: ஒவ்வொரு படியா

"செங்கமாரி வந்தா கண் மஞ்சளாகும், அப்ப பாப்பம்" எண்டு கனபேர் சொல்லுவினம். அதை நம்பி இருக்காதேங்கோ. ஈரலைத் தாக்கிற ஹெப்பட்டைட்டிஸ் பி, சி வைரஸ் ரெண்டும் ஒரு குறியும் காட்டாமல் வருசக்கணக்கா ஈரலை அரிச்சுக்கொண்டிருக்கும், எச்.ஐ.வி.யும் கூட இருந்தா இன்னும் வேகமா.

படி 1. யாழ் போதனா வைத்தியசாலை எஸ்.ரி.டி. (பாலியல் நோய்) கிளினிக்குக்குப் போறனீங்கள் எண்டா, "எனக்கு பி, சி பாத்தாச்சோ, ரிசல்ட் என்ன?" எண்டு நேராக் கேளுங்கோ. சிடி4 (உடம்பின்ர எதிர்ப்புச் செல் எண்ணிக்கை) நல்லாக் குறைஞ்ச ஆக்களுக்கு சி இருந்தும், உடம்பு உண்டாக்கிற எதிர்ப்பைத் தேடுற அன்ரிபொடி டெஸ்ட் சிலவேளை இல்லையெண்டு காட்டும், ஈரல் ரிப்போட் கூடியிருந்தா வைரஸையே தேடுற ஆர்.என்.ஏ. டெஸ்ட் பற்றியும் கேளுங்கோ.

படி 2. பி தொத்தேல்லை, எதிர்ப்பும் இல்லையெண்டா ஊசி போடுங்கோ, வழமையா 0, 1, 6 மாசம். இலங்கையில பிள்ளையளின்ர ஊசியில இது 2003இலதான் சேர்க்கத் தொடங்கினது, அதால வளந்த ஆக்கள் கனபேர் போட்டிருக்க மாட்டினம். எச்.ஐ.வி. உள்ள உடம்பில ஊசி சிலருக்கு வேலை செய்யாது, அதுதான் டபுள் டோஸ் குடுக்கிறதும் உண்டு. கடைசி ஊசிக்குப் பிறகு 1, 2 மாசத்தில ரத்தத்தில எதிர்ப்பு அளவு 10 (mIU/mL) ஆவது வந்திட்டுதோ எண்டு பாக்கவேணும். இதைத்தான் எல்லாரும் விடுறவை. ஹெப்பட்டைட்டிஸ் சி-க்கு ஊசி இல்லை, ஆனா இப்ப 8இல இருந்து 12 கிழமை குளிசையில 95 வீதத்துக்கு மேல சுகமாகும்.

படி 3தான் முக்கியம். எச்.ஐ.வி.க்குப் போடுற டெனோஃபோவிர், லமிவுடின் ரெண்டும் பி வைரஸையும் அமத்திவைக்குது. எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன், ஆரோ சொல்லிச்சினமாம் எண்டு குளிசையை நிப்பாட்டிப்போட்டு கீழ்க்காய்நெல்லி குடிச்சவன், அமந்து கிடந்த பி கிளம்பி ஈரல் வீங்கி வார்டில கிடந்தவன். டொக்டரிட்டக் கேக்காமல் ஒரு நாளும் நிப்பாட்டவோ மாத்தவோ வேண்டாம், கெஞ்சிக் கேக்கிறன். நாட்டு மருந்து குடிச்சா அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கோ.

மிச்சம் வீட்டுப் பழக்கம்தான். கொண்டம் பாவியுங்கோ, ரேசர், பிரஷ், நகவெட்டியைப் பங்கிடாதேங்கோ, சலூனில புது பிளேட் கேளுங்கோ. சாராயம், கள்ளை விடுங்கோ. ஹெப்பட்டைட்டிஸ் ஏ-யும் இ-யும் தண்ணி, சாப்பாட்டால வாறது, எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்தில மலக்குழித் தண்ணி லேசாக் கிணத்துக்கு ஊறும், அதால கொதிச்சாறின தண்ணிதான்.

பி, சி ஒண்டா இருந்து சாப்பிட்டாலோ கட்டிப்பிடிச்சாலோ தொத்தாது. ஆற்ற கோப்பையையும் புறம்பா வைக்காதேங்கோ.