ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணுவது எப்படி?

மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் பற்றி ஓர் உரை தயாரித்தேன். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர். அவர் கட்டுரைகள் எத்தனை, அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தேட இரண்டு மாலை ஆனது. அந்த வழி இதோ. எந்த ஆய்வாளருக்கும் பொருந்தும்.

படி 1. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளமான பப்மெட்டில் தொடங்குங்கள். கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில் பெயர் முதலில், இனிஷியல் பின்னால், நடுவில் புள்ளி வேண்டாம்.

படி 2. ஆளைப் பிரித்தெடுங்கள். நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். இழந்த கை இன்னும் இருப்பதாக உணரும் நோயாளிகள் பற்றிய கட்டுரைகளோடு, இதய நோய்க் கட்டுரைகளும் அதே பெயர், அதே இனிஷியலில் வந்தன. ஒருவருக்குச் சொந்தப் பெயர் ராமச்சந்திரன், இன்னொருவருக்கு அது அப்பா பெயராக இருக்கலாம். பப்மெட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, முகவரியில் சான் டியாகோ என்று சேர்த்துப் பார்த்தேன். இதயம் போய்விட்டது, ஆனால் பழைய கட்டுரைகள் பலவும் கூடவே போய்விட்டன. 1988-க்கு முந்தைய பதிவுகளில் பொதுவாக முகவரியே கிடையாது. அதற்குப் பின்னும் 2014 வரை பெரும்பாலும் முதல் ஆசிரியரின் முகவரி மட்டும்தான். அதனால் முகவரியை நம்பாதீர்கள். தலைப்புச் சொற்களையும், ஹிர்ஸ்டைன், ஹப்பார்ட் போன்ற கூட்டாசிரியர் பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள். சந்தேகம் வந்தால் சுருக்கத்தைத் திறந்து படியுங்கள். 2012-ல் வந்த ஆர்க்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண் 16 இலக்கம் கொண்டது, ஒரு ஆளுக்கு ஒன்று. அது இருந்தால், பட்டியலை அவர் ஒழுங்காக நிரப்பியும் இருந்தால், இந்தப் பாடு பெருமளவு குறையும்.

படி 3. மேற்கோள் எண்ணிக்கைக்கு நான் பரிந்துரைப்பது ‘பப்ளிஷ் ஆர் பெரிஷ்’ என்ற இலவச மென்பொருள். கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுபொறியான கூகுள் ஸ்காலரிலிருந்து எடுத்துப் பட்டியலிடும். வேறு ஆளின் கட்டுரைக்குப் பக்கத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் கணக்கை உடனே திருத்திக்கொள்ளும். இந்த ஒரு வசதிக்காகவே ஸ்காலர் பக்கத்தை விட இதை விரும்புகிறேன்.

படி 4. எச்-இண்டெக்ஸை ஒரு தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள். எச்-இண்டெக்ஸ் 4 என்றால், குறைந்தது 4 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 4 இருக்கின்றன, ஆனால் 5 மேற்கோளாவது பெற்றவை 5 இல்லை என்று பொருள். மேற்கோள்களை இறங்குவரிசையில் எழுதுங்கள்: 50, 18, 7, 5, 4, 2. நான்காவது கட்டுரைக்கு 5 மேற்கோள், நான்கைத் தாண்டிவிட்டது. ஐந்தாவதுக்கு 4 தான், எட்டவில்லை. ஆக எச்-இண்டெக்ஸ் 4. முதல் கட்டுரை 50-க்குப் பதில் 5,000 பெற்றாலும் அதே 4 தான். 2005-ல் இதை முன்வைத்த ஜார்ஜ் ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர், அவரும் அதே சான் டியாகோ வளாகத்துக்காரர்.

படி 5. இதைத் தயவுசெய்து விடாதீர்கள். மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் சிலவற்றைத் திறந்து, எதற்காகக் காட்டினார்கள் என்று பாருங்கள். ராமச்சந்திரனும் டயான் ரோஜர்ஸ்-ராமச்சந்திரனும் 1996-ல் எழுதிய கட்டுரையில் ஒரு எளிய பெட்டி வருகிறது. மேல்மூடி இல்லாத அட்டைப்பெட்டி, நடுவில் நிற்கும் கண்ணாடி, முன்பக்கம் இரண்டு துளை. நல்ல கையை உள்ளே விட்டால், இல்லாத கையின் இடத்தில் அதன் பிம்பம் தெரியும். பதினோரு ஆண்டு கழித்து, கை அல்ல, காலை இழந்த அமெரிக்க ராணுவத்தினரிடம் கண்ணாடி சிகிச்சையைச் சோதித்த முடிவு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. சோதனையை முடித்தவர்கள் 18 பேர். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும், இல்லாத காலில் உணர்ந்த வலி குறைந்திருந்தது. மேற்கோள் எண்ணிக்கையில் இது ஒன்றே ஒன்று. ஆனால் என் உரையில் நான் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

பிற்சேர்க்கை: பப்மெட்டிலும் ஸ்காலரிலும் எண்ணிக்கை ஏன் ஒத்துவரவில்லை என்று இரண்டு பேர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். ஸ்காலர் நூல்கள், ஆய்வேடுகள் எல்லாவற்றையும் சேர்க்கும். பப்மெட் மருத்துவ, உயிரியல் இதழ்களோடு பெரும்பாலும் நின்றுவிடும். அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று குறித்துவிடுங்கள். அப்புறம், ராமச்சந்திரன் ஆராய்ந்த சினெஸ்தீசியா (ஒரு புலனுணர்வு இன்னொன்றையும் தூண்டுவது) என்ற சொல்லுக்குப் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் வேறு, அமெரிக்க எழுத்துக்கூட்டல் வேறு. இரண்டிலும் தேடுங்கள்.