நகலில் கோடு நெளிகிறதா? மோட்டாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

காப்பியரில் நேர்கோடு நெளிந்து வந்தால் உடனே ஸ்கேனர் மோட்டாரை மாற்றிவிடுகிறார்கள். எனக்கு இது பிடிப்பதே இல்லை, ஏனென்றால் பல நேரம் குற்றவாளி, ஸ்கேனருக்குள் விளக்கும் மிரரும் வழுக்கி ஓடும் கம்பியான ராடில் படிந்த அழுக்குதான்.

முதலில் ஒரு ஏ4 தாளில் மூலைக்கு மூலை மெல்லிய கறுப்புக் கோடு போட்டு, கண்ணாடியில் வைத்து ஒரு நகல் எடுங்கள். அப்புறம் அதே தாளை மேலே இருக்கும் ஃபீடர் வழியாக விட்டு இன்னொன்று. ஃபீடரில் தாள்தான் நகரும், விளக்கு நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் கண்ணாடியில் வைத்து எடுத்ததில் மட்டும் கோடு பல் பல்லாக இருந்தால் கோளாறு ஸ்கேனரில். கம்ப்யூட்டரிலிருந்து கொடுக்கும் பிரிண்டிலும் பட்டை விழுந்தால் ஸ்கேனரைத் தொடாதீர்கள். பட்டைகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். 30 மி.மீ. விட்டமுள்ள டிரம் (படத்தைத் தாளுக்குக் கடத்தும் உருளை) ஒரு சுற்றுக்குச் சுமார் 94 மி.மீ. உருளும், அதே இடைவெளி வந்தால் டிரம் பக்கம் போகலாம்.

சரி, ஸ்கேனர்தான் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விளக்கு ஆறியதும் மேல் கண்ணாடியைக் கழற்றுங்கள். மிரர் வைத்த மெஷின்களில் உள்ளே இரண்டு கேரேஜ் (நகரும் சட்டம்) இருக்கும்: விளக்கும் முதல் மிரரும் உள்ளது முழு வேகத்தில் ஓடும், மற்ற இரண்டு மிரர்கள் உள்ளது பாதி வேகத்தில். அப்போதுதான் தாளிலிருந்து லென்ஸ் வரை ஒளி போகும் தூரம் மாறாமல் இருக்கும். இந்த இரண்டையும் வயர்தான் இழுக்கிறது, அது தளர்ந்தால் கேரேஜ் கிளம்பும்போது குலுங்கி, நகலின் தொடக்கத்தில் மட்டும் நெளிவு விழும். கேரேஜைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஓரிடத்தில் நறநறவென்று தடுக்கினால் அங்கே ராடைப் பஞ்சு ஒட்டாத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, சர்வீஸ் மேனுவல் சொல்லும் கிரீஸை மட்டும், அதுவும் லேசாகத் தடவுங்கள். கண்ட எண்ணெயை ஊற்றவே கூடாது, அது மிரரில் மங்கலாகப் படியும். வயரில் இழை பிரிந்திருக்கிறதா, புல்லி பள்ளத்தில் தூசி அடைத்திருக்கிறதா, ஸ்பிரிங் இழுவை சரியா என்று பார்த்து, கேரேஜின் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் ஸ்டாப்பரைத் தொடுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

மெஷின் ஆடும் மேசையில் இருந்தால் இவ்வளவும் வீண், நான்கு காலும் தரையில் அழுந்தி நிற்க வேண்டும். 100 சதவீதத்தில் சுத்தமாக வந்து, ஏதோ ஒரு ஜூம் அளவில் மட்டும் நெளிந்தால், கேரேஜின் அந்த வேகத்தில் அதை ஓட்டும் ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) அதிர்கிறது என்று சந்தேகப்படலாம். மோட்டார் மவுண்டின் ரப்பரையும் திருகுகளையும் அப்போது பாருங்கள்.