பிளஸ் டூ படிக்கும்போதே காவலர் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பத்தாவது முடித்த மாணவருக்கு விண்ணப்பம் போடவே இன்னும் இரண்டு, மூன்று வருடம் இருக்கிறது என்று அர்த்தம். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்து, கடைசி நேரத்தில் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டி ஓடுவதைவிட, இந்த இடைவெளியைப் பள்ளியிலேயே பயன்படுத்துவது நல்லது. எழுத்துத் தேர்வுக்கான பாடம் கையிலேயே இருக்கிறது. மைதானத்துக்கு வேண்டிய உடம்பைத்தான் இரண்டு மாதத்தில் உண்டாக்க முடியாது.

எந்த குரூப் எடுப்பது? காவலர் பணிக்கு எதுவானாலும் சரி. சப்-இன்ஸ்பெக்டர் ஆக வேண்டுமானால் பட்டப்படிப்பு கட்டாயம். அதற்கும் வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல் உள்ள குரூப் பொது அறிவுப் பகுதியில் கைகொடுக்கும். தடய அறிவியல் ஆய்வகத்தில் சேரும் எண்ணம் இருந்தால் மட்டும் வேதியியல், உயிரியலை விட்டுவிடாதீர்கள். அந்தக் கதவு பிறகு திறக்காது.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமத்தின் அண்மைத் தேர்வுகளில் மொத்தம் 100 மதிப்பெண்: எழுத்துக்கு 70, உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. இந்த 6-ஐப் பள்ளி முடித்தபின் சம்பாதிப்பது கடினம். என்.சி.சி. 'ஏ' சான்றிதழுக்கு இரண்டு வருடப் பயிற்சி வேண்டும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே சேர்ந்தால்தான் தேர்வு எழுதலாம். பிளஸ் ஒன்னில் விழித்துக்கொண்டவர்கள் என்.எஸ்.எஸ்.ஸில் சேரலாம்.

எழுத்துத் தேர்வில் முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு: 80 கேள்வி, 80 நிமிடம். 32 மதிப்பெண் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ் நமக்குத் தெரியாததா என்று இலக்கணத்தைத் தொடாமல் போகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். முதன்மைப் பகுதியின் 70 கேள்விகளில் 45 பொது அறிவு, 25 உளவியல். உளவியல் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண் தொடர், தர்க்கம், மனக்கணக்கு போன்றவைதான். ஆறு முதல் பத்து வரையிலான சமச்சீர் அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்களை வரிவிடாமல் படியுங்கள். பத்தாவது முடிந்ததும் அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இனி கிரவுண்ட். முதலில் அளவு. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 157. ஆண்களுக்கு மார்பளவு 81 செ.மீ. இருந்து, மூச்சிழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். தோளைத் தூக்கினால் நாடா நகராது. விலா எலும்பு விரிய வேண்டும். உயரம் எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் காலையிலும் மாலையிலும் அளந்து பாருங்கள். நாள் முழுக்க நின்றால் முதுகெலும்பு அமுங்கி ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். நிறக்குருடு இருக்கிறதா என்பதையும் இப்போதே கண் மருத்துவரிடம் சோதித்துவிடுங்கள்.

ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். நூறு மீட்டருக்கு 28 விநாடி. பள்ளி மைதானம் 200 மீட்டர் சுற்றளவு என்றால் ஏழரைச் சுற்று, சுற்றுக்கு 56 விநாடி. விசில் அடித்ததும் கூட்டத்தோடு பாய்ந்து முதல் சுற்றை 40 விநாடியில் முடிப்பவர்கள் ஐந்தாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முதல் மாதம் வாரத்துக்கு நான்கு நாள் 2 கிலோமீட்டர் நிற்காமல் மெதுவாக. அடுத்த மாதம் 400 மீட்டரை 1 நிமிடம் 45 விநாடியில் நான்கு முறை, நடுவில் இரண்டு நிமிட நடை. தார் ரோட்டில் ஓடி முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலித்தால் மண் தரைக்கு மாறுங்கள். வலியோடு ஓடினால் ஒரு மாதம் படுக்க நேரிடும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி.

ஆண்கள் அதிகம் சறுக்குவது கயிற்றில். 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார் (உடல்திறன் மதிப்பெண்ணுக்கான தரநிலை), 6 மீட்டருக்கு இரண்டு. கை பலத்தை மட்டும் நம்பி ஏறினால் 4 மீட்டரில் முன்கை மரத்துவிடும். கயிறு வலது காலின் வெளிப்புறமாக வந்து பாதத்தின் மேல் படிய வேண்டும். இடது பாதம் அதை மேலிருந்து அழுத்த வேண்டும். இந்தப் பூட்டு விழுந்தால் கால்மேல் எழுந்து நிற்பதுபோல உடம்பு உயரும், கை பிடித்துக்கொள்ள மட்டும்தான். தரையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பூட்டை ஐம்பது முறை போட்டுப் பழகிவிட்டு ஏறுங்கள். இறங்கும்போது சறுக்கினால் உள்ளங்கைத் தோல் உரிந்து இரண்டு வாரம் போய்விடும். கை மாற்றிக் கை வைத்து இறங்குங்கள். கிளையில் கட்டுவதானால் முதலில் இரண்டு பேர் தொங்கிப் பார்த்துவிட்டு, கீழே மணல் கொட்டுங்கள்.

நீளம் தாண்டுதலில் ஆண்களுக்கு 3.80 மீட்டர் ஒரு ஸ்டார், 4.50 இரண்டு. பெண்களுக்கு 3.00, 3.75. குதித்தபின் பின்னால் கை ஊன்றினால் அந்தத் தடத்திலிருந்துதான் அளப்பார்கள். அரை மீட்டர் அங்கேயே போகும். பெண்கள் குண்டு எறிதலுக்குப் பதில் கிரிக்கெட் பந்து எறிதலையும் தேர்ந்தெடுக்கலாம்: 17 மீட்டர் ஒரு ஸ்டார், 25 இரண்டு. இரண்டையும் எறிந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

எல்லாம் தேறியபின் நடத்தை விசாரணை வரும். 18 முடிந்தபின் பஸ்ஸில் நடந்த கைகலப்பு வழக்கானால், சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் விதிப்படி அது தடைதான். மறைத்தாலும் போச்சு.

மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் பெயரும் இன்ஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று முதல் பத்து வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றிதழை, படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் தனித்தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும். ஊர் மாறிப் படித்தவர்கள் கோடை விடுமுறைக்கு முன்பே போய்விடுங்கள்.